மயங்கி விழுந்தவருக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கட்டிய நாளுக்குப் பெயர் எங்கே?

மலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் அதற்குக் காரணம் சொல்ல நமது தோட்டங்களில் ஆளுக்குப் பஞ்சமில்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்பார் கங்காணி. வெயில் மயக்கம் என்பார் பக்கத்து நிரையில் நிற்பவர். மாசமாக இருக்குமோ என்று இரண்டு பேர் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். அந்த வளைவில் முனி இருக்கிறது என்று சொல்லி எலுமிச்சம்பழம் தேடுபவர்களும் உண்டு. முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் கொஞ்சம் சாயத் தண்ணியை ஊற்றி, பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார வைத்துவிட்டால் கதை முடிந்தது. விழுந்தவர் மறுபடி நிரைக்குப் போவார், அல்லது அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்புவார்.

இவர்கள் சொல்லும் காரணங்களில் முதல் இரண்டும் பல வேளைகளில் சரியாகவே இருக்கும். பிரச்சினை அதுவல்ல. பத்துப் பேர் மயங்கினால் அதில் ஒருவருக்காவது இதயத்தின் ஓட்டத்தில் கோளாறு இருக்கலாம். அந்த ஒருவர் யார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இப்போது நமது அங்கத்தவர்கள் சிலருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நெஞ்சில் சில ஸ்டிக்கர்களை ஒட்டி, வயர்களை இணைத்து, பெட்டியை இடுப்பில் கட்டி, "வீட்டுக்குப் போய் வழக்கம்போல இருங்கள், நாளைக்குக் கொண்டுவந்து கொடுங்கள்" என்கிறார்கள். ஹோல்டர் என்று அதற்குப் பெயர். இந்தப் பெட்டியைப் பற்றியும், "வீட்டுக்குப் போய் வழக்கம்போல இருங்கள்" என்ற அந்த வார்த்தையைப் பற்றியும் இந்த இதழில் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். சம்பளப் பிரச்சினை கிடக்கும்போது இதயப் பெட்டியைப் பற்றி எழுதுகிறீர்களே என்று நமது தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். முழுவதும் வாசித்துவிட்டுக் கேளுங்கள். இதுவும் சம்பளப் பிரச்சினைதான்.

முதலில் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாளில் பதிவது ஏறக்குறைய 10 விநாடி ஓட்டம். அதற்குள் இதயம் ஒரு பன்னிரண்டு தடவை துடிக்கும். ஒரு நாள் முழுவதும் எத்தனை தடவை துடிக்கிறது? நிமிடத்துக்கு 70 என்று வைத்துக்கொண்டால் 24 மணித்தியாலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேல். (ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தோம். 1,00,800 என்று சரியாகப் போட்டார்கள்.) அந்த ஒரு இலட்சத்தில் பன்னிரண்டை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்வது, மலை முழுவதையும் பார்க்காமல் ஒரு செடியைப் பார்த்துவிட்டுக் கொழுந்து இல்லை என்று சொல்வது போல. மயங்கி விழுந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இதயம் தன் பழைய ஓட்டத்துக்குத் திரும்பியிருக்கும். இ.சி.ஜி. நல்லதாகவே வரும். இரவில் மூன்று மணிக்கு இதயம் நான்கைந்து விநாடி நின்று பிறகு துடித்ததா, படி ஏறும்போது திடீரென்று தறிகெட்டு ஓடியதா என்பதைப் பெட்டி கூடவே இருந்து பதிவு செய்தால்தான் அறியலாம்.

இந்தப் பெட்டிக்குப் பெயர் வந்தது நோர்மன் ஹோல்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானியிடமிருந்து. 1940களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. நிறை ஏறக்குறைய 38 கிலோ. நமது பெண்கள் அந்தப் பாரத்தைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். நிறுவைக்குத் தூக்கிக்கொண்டு போகும் பாரம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது. வேறு நாடுகளில் ஒரே ஒரு பட்டையாக நெஞ்சில் ஒட்டி இரண்டு வாரம்வரை விட்டுவைக்கும் வகையும், தோலுக்கு அடியில் வைத்து மூன்று வருடம்வரை பதிவு செய்யும் வகையும் புழக்கத்தில் இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 24 மணித்தியாலப் பெட்டி. சிலருக்கு 48.

இங்கேதான் முதல் சிக்கல். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மயக்கம் வரும் ஒருவருக்கு ஒரு நாள் பெட்டி கட்டினால், அந்த ஒரு நாளில் மயக்கம் வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே பெட்டியில் ஒன்றும் பதியவில்லை என்றால் இதயத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது. அந்த நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். இதை நமது அங்கத்தவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. "பெட்டியில எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்று சந்தோஷமாக வருகிறார்கள். கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி மயக்கம் வந்தால் மறுபடி போக வேண்டும், முன்பு பெட்டி கட்டியதைச் சொல்ல வேண்டும், இன்னும் நீண்ட நாள் பதிவு தேவையா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். கேட்பது நமது உரிமை.

இரண்டாவது சிக்கல் "வழக்கம்போல இருங்கள்" என்பது. டொக்டர் அதை நல்ல காரணத்தோடுதான் சொல்கிறார். ஒருவருடைய சாதாரண நாளில் இதயம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கவே பெட்டி. ஆனால் கொழுந்து எடுக்கும் பெண்ணின் சாதாரண நாள் எது? விடியலுக்கு முன் எழுந்து குசினி வேலை, பிள்ளைகளைப் பள்ளிக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் அனுப்புவது, பிரட்டு, பிறகு சாய்வான மலையில் மணிக்கணக்காக நிற்பது, படங்கைக் கட்டிக்கொண்டு நிரை ஏறுவது, நிறைந்த பையைத் தலையில் மாட்டி மடுவத்துக்குச் சுமப்பது. இந்த நாளின் நடுவில்தான் அவர் மயங்கி விழுந்தார். பெட்டி கட்டிய நாளிலோ அவர் வேலைக்குப் போவதில்லை. போக முடியாது, வயர் கழன்றுவிடும், மழையில் நனைந்துவிடும், படங்குக் கயிறு பெட்டியை அழுத்தும், சுப்பவைசர் அனுமதிக்க மாட்டார். ஆகவே காம்பராவில் படுத்துக் கிடக்கிறார். உடைந்துவிட்டால் காசு கட்டச் சொல்வார்களோ என்ற பயத்தில் அசையாமல் கிடந்த ஓர் அக்காவை நாம் அறிவோம். பெட்டி பதிந்தது ஓர் ஓய்வு நாளை. நமக்குத் தெரிய வேண்டியிருந்ததோ வேலை நாளை.

அதற்காக எல்லோரும் பெட்டியோடு மலைக்குப் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இதில் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. டொக்டர் வேலை செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தால் அதுவே கடைசி வார்த்தை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டும்: "நான் கொழுந்து எடுக்கிறவ, மேட்டுல நிக்கும்போதுதான் மயக்கம் வந்துச்சு, இதைக் கட்டிக்கிட்டு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?" படி ஏறலாம் என்பார், வீட்டு வேலை செய்யலாம் என்பார், அல்லது பத்திரமான தட்டையான இடத்தில் இலேசான வேலை பரவாயில்லை என்பார். அவர் அனுமதித்த அளவுக்கு அசைந்தால்தான் பதிவுக்குப் பயன் உண்டு. அப்படி இலேசான வேலை கொடுக்கத் தோட்டம் தயாராக இருக்க வேண்டும். நாற்று மேடையில் வேலை இல்லையா? பெட்டி கட்டியவருக்கு ஒரு நாள் அங்கே பெயர் போட்டால் தோட்டம் குடி மூழ்கிவிடாது.

கணக்கைப் பாருங்கள். பெட்டியைக் கட்டிக்கொள்ள ஒரு நாள் டவுனுக்குப் போக வேண்டும். மறுநாள் கழற்றிக் கொடுக்க இன்னொரு நாள். முடிவைப் பார்க்கக் கிளினிக் நாள் என்று மூன்றாவது. 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால்கூட மூன்று பெயருக்கு 4,050 ரூபா போகிறது. பஸ் காசு, ஆட்டோக் காசு தனி. கூடப் போகும் ஆளின் பெயரும் போகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பது உண்மை, அது இந்த நாட்டின் பெருமையும்கூட. நாட்கூலிக்காரருக்கோ அந்த இலவசத்துக்குப் போய்ச் சேர்வதற்கே காசு வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் இதே பெட்டியைக் கட்டிக்கொண்டு லீவு போட்டு வீட்டில் இருந்தால் மாதக் கடைசியில் அவர் சம்பளத்தில் எதுவும் குறைவதில்லை. பெட்டிக்கு முறை வந்தும் போகாமல் விட்டவர்கள் நமது டிவிஷன்களிலேயே இருக்கிறார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அந்த வாரம் கொழுந்து நல்லா இருந்துச்சு" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே நமது முதல் கோரிக்கை இது. ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால், பெட்டியைக் கட்டும் நாளுக்கும் கழற்றும் நாளுக்கும் முழுப்பெயர். கூடச் செல்லும் ஒருவருக்கும் ஒரு நாள் பெயர்.

கூடச் செல்பவருக்கு ஏன் பெயர் என்று துரைமார் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. மயங்கியவருக்குத் தனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. டொக்டருக்கு மிகவும் பயன்படும் சாட்சி, பக்கத்து நிரையில் நின்று பார்த்தவர்தான். நின்றபடி விழுந்தாரா, சுமை தூக்கும்போதா, உட்கார்ந்திருக்கும்போதா? கண் இருட்டுகிறது, வியர்க்கிறது என்று முன்பே ஏதும் சொன்னாரா, வெட்டிய மரம் போலத் திடீரென்று சாய்ந்தாரா? முகம் வெளிறியதா? எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தார்? கை கால் இழுத்ததா, எத்தனை விநாடி? எழுந்ததும் தெளிவாகப் பேசினாரா, நெடுநேரம் திகைத்திருந்தாரா? பத்தாயிரம் ரூபாப் பரிசோதனை சொல்லாததை இந்த விவரங்கள் சொல்லிவிடும். ஆனால் அதைப் பார்த்தவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது எதையும் பார்க்காத மாமியாரோ பள்ளிக்குப் போகாமல் நிற்பாட்டிய மகளோ.

கை கால் இழுத்தது என்று சொன்னோமே, அதில் ஒரு விஷயம். சாதாரண மயக்கத்திலும் சில விநாடி கை கால் வெட்டி இழுப்பதுண்டு. இதய ஓட்டம் சற்று நின்றாலும் அப்படி வரும். உடனே வலிப்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஒரு பெண் பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்துவிட்டால் லயம் முழுவதும் பரவி, கலியாணப் பேச்சு வரை போய் நிற்கும். வலிப்பு உள்ள பிள்ளைக்கும் அப்படிச் செய்வது அநியாயம்தான். டொக்டர் சொல்லும்வரை எந்தப் பெயரும் வைக்காமல் இருப்பது நல்லது.

பெட்டியோடு கொடுக்கும் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டி கட்டியவர் ஒரு சிறு நாட்குறிப்பு எழுத வேண்டும். எத்தனை மணிக்குப் படி ஏறினார், எத்தனை மணிக்குத் தலை சுற்றியது, நெஞ்சு படபடத்தது, எப்போது குளிசை குடித்தார், எப்போது தூங்கினார். பல பெட்டிகளில் ஒரு பொத்தானும் உண்டு. தலை சுற்றினால் அதை அழுத்திவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பதிவைப் பார்ப்பவருக்குப் பாதி விஷயம் தெரியாமல் போகும். நமது அங்கத்தவர் ஒருவருக்குக் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது, இன்னொருவருக்குச் சிங்களத்தில். இரண்டும் வெறுமையாகவே திரும்பிப் போயின. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் 13 ஆம் திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. ஒரு தாளைத் தமிழில் அச்சடிக்க இத்தனை வருடம் போதாதா?

அதுவரை நாம் சும்மா இருக்க முடியாது. பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டு ஒரு படிவம் செய்தோம். இடது பக்கம் நேரம், நடுவில் என்ன செய்தீர்கள், வலது பக்கம் உடம்புக்கு எப்படி இருந்தது. அவ்வளவுதான். எழுதத் தெரியாத அம்மாவுக்கு எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கிறது. அப்படி ஒரு பிள்ளை எழுதியதைப் பார்த்தோம்: "5.10 தண்ணீர் குடத்தோடு படி ஏறினார். பீலிக்கும் வீட்டுக்கும் இடையில் இரண்டு தரம் நின்றார். கண் இருட்டியதாகச் சொன்னார். பொத்தான் அழுத்தினேன்." டொக்டருக்கு அதைச் சிங்களத்தில் சொல்ல ஓர் ஆள் கூடப் போனார்.

பெட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி குளிப்பதைப் பற்றி. பீலியில் தலைக்குக் குளிக்க வேண்டாம். துணியை நனைத்துக் கை காலைத் துடைத்துக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் குளித்துவிட்டுப் போவது நல்லது. நெஞ்சில் எண்ணெயோ பவுடரோ பூசக் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டாது. ஆண்களுக்கு நெஞ்சு முடியைச் சிரைப்பார்கள். வெளியே போகும்போது மழைக்குப் பொலித்தீன் போர்த்திக்கொள்ளுங்கள். வயர் கழன்றால் தாமாக மாற்றி ஒட்டாமல், கட்டிய இடத்துக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டும். ஆகவே பெட்டி வாங்கும்போதே இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொருவர் கேட்டார், "இந்தப் பெட்டி நான் எங்க போனேன், எவ்வளவு எடுத்தேன்னு தொரைக்குக் காட்டிக் குடுக்குமா?" சிரிக்க வேண்டாம். கையால் நிறுத்த இடத்தில் மின்தராசு வந்தபோது என்னென்ன நடந்தது என்று அறிந்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. இல்லை, அது இதயத்தின் மின்னோட்டத்தை மட்டுமே பதியும்.

ஆனால் அந்தச் சந்தேகத்தின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. முடிவுத் தாள் யாருக்குச் சொந்தம்? நோயாளிக்கும் டொக்டருக்கும். வேலை செய்யலாம், இன்ன வேலை செய்யக் கூடாது என்று டொக்டர் எழுதும் துண்டு போதும்; முழு ரிப்போர்ட்டைத் தோட்டக் காரியாலயத்தில் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை. கேட்டால், தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். "இதய வருத்தக்காரி" என்ற பட்டத்தோடு ஒருவரை வேலையிலிருந்து ஒதுக்குவதற்கு அந்தத் தாள் உதவக் கூடாது. வருத்தம் இருக்கிறது என்று தெரிந்தால் தட்டையான மலையில், நான்கு பேர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் வேலை கொடுக்கட்டும்.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் தீபாவளிக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் கடிகாரம் வாங்கி வருகிறார்கள். பாசத்தோடு வாங்கியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மணிக்கட்டுக் கடிகாரம் ஹோல்டருக்குப் பதிலாகாது. மலிவான கடிகாரம் ஒளியை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. கை அசைந்தாலும் குளிரில் விறைத்தாலும் தவறாகக் காட்டும். விலை கூடியவற்றில் இ.சி.ஜி. எடுக்கும் வசதி இருந்தாலும், மற்றக் கை விரலை அதன்மீது வைத்து அரை நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் எப்படி விரல் வைப்பார்? கடிகாரம் நல்ல இலக்கத்தைக் காட்டுகிறது என்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

எல்லா மயக்கத்துக்கும் பெட்டி தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் செய்ய வேண்டியவை மலிவானவை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு? சீனி எவ்வளவு? படுக்க வைத்து ஒரு தரமும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தரமும் பிரஷர் பார்த்தார்களா? நின்றதும் மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் அங்கேயே ஒரு காரணம் கிடைத்துவிடும். பிரஷர் குளிசை குடிப்பவர்களுக்கு அது அடிக்கடி நடக்கும். இரத்தச் சோகை நமது பெண்களிடம் எவ்வளவு என்று தோட்ட வைத்திய உதவியாளரைக் கேட்டால் தெரியும். ரொட்டியும் சாயமும் குடித்துவிட்டு மலைக்குப் போகும் உடம்பு வேறு எப்படி இருக்கும்?

தண்ணீர் விஷயமும் இதிலேதான் வருகிறது. நமது பெண்களில் பலர் காலையிலிருந்து மாலைவரை வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. மலையில் கழிவறை இல்லை. ஒதுங்க இடம் தேடினால் அட்டை, குளவி, பார்வை. ஆகவே தாகத்தை அடக்குகிறார்கள். தண்ணீர் வற்றிய உடம்பு மணிக்கணக்காக வெயிலில் நின்றால் இரத்த அழுத்தம் இறங்கும், மயக்கம் வரும். இதற்கு ஹோல்டர் கட்டினால் பதிவு நன்றாகவே வரும், ஆஸ்பத்திரிக்கும் ஒரு பெட்டி வீணாகும், உண்மையில் தேவைப்பட்ட இன்னொருவர் தம் முறைக்குக் காத்திருப்பார். ஒவ்வொரு மலைக்கும் குடிதண்ணீரும் தற்காலிகக் கழிவறையும் வைக்கும் செலவு ஒன்றும் பெரிதல்ல. இதைப் பல வருடமாகக் கேட்டு வருகிறோம். மயக்கக் கணக்கையும் சேர்த்து இனிக் கேட்போம்.

ஆனால் சில மயக்கங்களைத் தண்ணீர் தெளித்து விட்டுவிடக் கூடாது. மேடு ஏறும்போதோ சுமை தூக்கும்போதோ நடுவில் விழுந்தவர், படுத்திருக்கும்போதே நினைவிழந்தவர், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சாய்ந்து முகத்தில் அடிபட்டவர், மயக்கத்துக்கு முன் நெஞ்சு படபடத்தவர், நெஞ்சு வலித்தவர், ஏற்கெனவே இதய வருத்தம் உள்ளவர், குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று இறந்தவர் இருப்பவர் ஆகியோரை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவர்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் வைத்தே பார்ப்பார்கள். "மறிச்சு வைக்கிறாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். குளவி கொட்டிய பிறகு மயங்குவது வேறு வகை, அதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தமிழில் பேசலாம். லயத்துக்குப் பாதை இல்லாத இடத்தில் அது வரும் இடம்வரை ஆளைக் கொண்டுபோகத் தோட்ட லொறியைக் கேளுங்கள். கொழுந்து ஏற்றிய பிறகு தருகிறேன் என்றால் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அதுவரை மயங்கியவரைத் தூக்கி உட்கார வைக்காமல் தட்டையாகக் கிடத்திக் காலைச் சற்று உயர்த்துங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் அழுத்தட்டும். எந்த டிவிஷனிலும் அது தெரிந்த நான்கு பேராவது வேண்டும். பயிற்சிக்கு ஆட்களைக் கேட்டிருக்கிறோம்.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்குத் தோட்டக்காரர் பொறுப்பு என்று 1912 இலேயே வெள்ளைக்கார அரசாங்கம் கட்டளைச் சட்டம் போட்டது. நம்மீது இரக்கப்பட்டல்ல, ஆள் செத்தால் வேலை கெடும் என்று. 1992 இல் கம்பனிகள் நிர்வாகத்துக்கு வந்தன. தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கத்தின் கீழ் போயின. மற்ற இடங்களில் ஒரு டிஸ்பென்சரியும் ஒரு வைத்திய உதவியாளரும், அதுவும் இரண்டு மூன்று தோட்டத்துக்கு ஒருவர். அவரிடம் ஓர் இ.சி.ஜி. இயந்திரம்கூட இல்லாதபோது நாம் ஹோல்டரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் எட்டாத பேச்சாகத் தெரியலாம். ஆகவே எட்டக்கூடியதையே கேட்கிறோம். டிஸ்பென்சரியில் ஓர் இ.சி.ஜி. இயந்திரம், ஹீமோகுளோபின் பார்க்கும் கருவி ஒன்று. பெட்டியைக் கழற்றிய பின் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பும் வேலையை வைத்திய உதவியாளரிடம் ஒப்படைத்தால் ஒருவரின் ஒரு நாள் மிஞ்சும். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டும்படி சுகாதார அமைச்சிடம் கேட்பது சங்கத்தின் வேலை. அதற்கான கடிதத்தைத் தலைமையகம் தயாரித்து வருகிறது.

இன்னொன்று சட்டப் பக்கம். மலையில் மயங்கி விழுந்து கை முறிந்தால், "அது வருத்தம், விபத்தல்ல" என்று சொல்லி நட்டஈட்டுப் பேச்சைத் தட்டிவிடப் பார்ப்பார்கள். வேலை நேரத்தில், வேலை இடத்தில், வேலை காரணமாக ஏற்பட்ட விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. செங்குத்தான மலையில் சுமையோடு நின்றதால் பட்ட அடியைச் சும்மா வருத்தம் என்று விட்டுவிட நாம் தயாரில்லை. ஆனால் பேச நமக்குக் கையில் எழுத்து வேண்டும். விழுந்த அன்றே தோட்டப் பதிவில் ஏற்றச் செய்யுங்கள். டிஸ்பென்சரித் துண்டில் "மயக்கம்" என்று மட்டும் எழுதினால், "வேலை மலையில் விழுந்து" என்பதையும் சேர்த்து எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். பார்த்த இருவரின் பெயரைத் தலைவரிடம் கொடுங்கள்.

தோட்டக் கமிட்டிகளுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும்: கடந்த ஒரு வருடத்தில் உங்கள் டிவிஷனில் வேலையின்போது மயங்கி விழுந்தவர்கள் எத்தனை பேர், எந்த மலையில், எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, பெட்டி கட்டினார்களா, எத்தனை பெயர் இழந்தார்கள் என்ற கணக்கை இந்த மாதக் கடைசிக்குள் மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், கணக்குப் போதும். நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுக்கு அதைக் கொண்டுபோகிறோம். தமிழில் செய்த நாட்குறிப்புப் படிவத்தின் பிரதிகள் காரியாலயத்தில் இருக்கின்றன. சந்தா கட்ட வரும் தலைவர்கள் கையோடு பத்துப் பிரதி எடுத்துச் செல்லலாம்.